கருப்பைத் தடுப்பை வெட்டினால் குழந்தை தங்குமா?

தரமணியில் நின்று மருத்துவம் பேசுகிறவர் டாக்டர் கே.எஸ். சஞ்சீவியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். 1958இல் அவர் தோற்றுவித்த வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், நாம் வி.எச்.எஸ். என்று அழைக்கும் நிறுவனம், ஒரு குடும்பம் தன் வருமானத்துக்கு ஏற்பச் சந்தா செலுத்தி மருத்துவ வசதி பெறலாம் என்ற ஏற்பாட்டை முன்வைத்தது. பணம் கொடுக்கிறவருக்கு அதற்கு ஈடான நன்மை கிடைக்கிறதா என்ற அக்கறை அந்த ஏற்பாட்டின் அடியில் இருந்தது. அதே அக்கறையோடு ஓர் அறுவை சிகிச்சையை இன்று பார்க்கப் போகிறோம். பிறவியிலேயே கருப்பையின் அமைப்பு மாறியிருக்கும் பெண்களுக்கு, அதைக் கத்தியால் சரிசெய்தால் குழந்தைப்பேறு கூடுமா என்பதுதான் இந்த உரையின் பொருள்.

இங்கிருந்து ராஜீவ் காந்தி சாலை வழியாகவோ வேளச்சேரி பக்கமாகவோ சென்றால் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாகக் கண்ணில் படும். கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, உறவுக்காரர்கள் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று கேட்டுக் கேட்டு அலுக்க வைத்துவிட்டார்கள் என்ற நிலையில் ஒரு பெண் அங்கே போகிறாள். ஸ்கேன் எடுக்கிறார்கள். "கர்ப்பப்பையில் ஒரு தடுப்பு இருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், எடுத்துவிட்டால் கரு தங்கிவிடும்" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. தடுப்பு இருப்பது உண்மையாக இருக்கலாம். ஆபரேஷன் சிறியது என்பதும் பெரும்பாலும் உண்மை. எடுத்துவிட்டால் கரு தங்கும் என்ற மூன்றாவது செய்திக்கு, இன்றைய தேதியில், நம்பத்தக்க சான்று இல்லை. முதல் இரண்டு உண்மைகளின் வலுவில் மூன்றாவதும் உண்மையாகத் தோன்றிவிடுகிறது என்பதே என் கவலை. அதைப் படிப்படியாக நிறுவ முயல்கிறேன். மறுப்புகளையும் மறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உடலின் கதை. தாயின் வயிற்றில் பெண் சிசு உருவாகும்போது கருப்பை ஒற்றை உறுப்பாகத் தொடங்குவதில்லை. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு குழாய்கள் ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் தோன்றுகின்றன. ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹனஸ் முல்லர் 1830இல் விவரித்ததால் அவற்றுக்கு முல்லர் குழாய்கள் என்று பெயர். அவற்றின் மேல்பகுதிகள் கருக்குழாய்களாக, அதாவது நாம் டியூப் என்று சொல்பவையாக, தனித்தனியே நிற்கின்றன. கீழ்ப்பகுதிகள் நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சுவர் நிற்கும். ஒரே வீட்டைப் பாகம் பிரித்த அண்ணன் தம்பி நடுவே எழுப்பிய சுவரைப் போல. ஏறக்குறைய இருபதாவது வாரத்துக்குள் அந்தச் சுவர் கரைந்து, உள்ளே ஒற்றை அறை உண்டாகிறது. ஒரு குழாய் வளராமல் போனால் ஒற்றைக் கொம்புக் கருப்பை. இரண்டும் ஒட்டாமலே நின்றால் இரட்டைக் கருப்பை. பாதி ஒட்டினால் இதய வடிவில் இரு கொம்புக் கருப்பை. ஒட்டிய பின் நடுச்சுவர் கரையாமல் தங்கினால் தடுப்புள்ள கருப்பை. சினைப்பைகள் வேறு திசுவிலிருந்து வருவதால் அவை பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். சிறுநீரகங்கள் இந்தக் குழாய்களுக்கு மிக அருகே வளர்வதால் அவற்றில் ஒன்று இல்லாமல் போவது உண்டு. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததோ, பப்பாளி தின்றதோ இதற்குக் காரணம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இன்ன காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. தாயைக் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. இந்த மாற்றங்கள் அரிதானவையும் அல்ல. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு, பொதுவான பெண்களில் 5.5 விழுக்காட்டினருக்கும், குழந்தையின்மைக்குச் சிகிச்சை தேடி வருவோரில் 8 விழுக்காட்டினருக்கும், கருக்கலைவு கண்டவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் ஏதோ ஒரு வகை மாற்றம் இருப்பதாகச் சொல்கிறது. நூறு பேரில் ஐந்தாறு பேர் என்றால், இப்படி ஒரு கருப்பையோடு பிள்ளைகள் பெற்று, பேரன் பேத்தி கண்டு, அதை அறியாமலே வாழ்ந்து முடித்தவர்கள் நம் தெருக்களிலேயே ஏராளம்.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. கட்டாயம் வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே நாம் தாமதிக்கிறோம் என்பது என் இன்னொரு மனக்குறை. மாதவிடாய் இரத்தம் வெளியேற வழியில்லாமல் அடைபட்ட பெண் பிள்ளைகளைச் சொல்கிறேன். கன்னித்திரை துளையில்லாமல் மூடியிருக்கலாம். யோனியின் குறுக்கே ஒரு தடுப்பு இருக்கலாம். பதின்மூன்று பதினான்கு வயதில் மார்பு வளர்ந்திருக்கும், உயரம் கூடியிருக்கும், ஆனால் பெண் வயதுக்கு வந்திருக்க மாட்டாள். மாதா மாதம் அடிவயிறு வலிக்கும். வீட்டில் கசாயம் வைத்துக் கொடுப்பார்கள். அப்பெண்டிசைட்டிஸோ என்று ஐயப்படுவார்கள். சடங்கு சுற்றக் காத்திருக்கும் சொந்தக்காரர்களின் கேள்விக்கு அஞ்சி, தாய் இதை வெளியே சொல்லவும் தயங்குவாள். அதற்குள் தேங்கிய இரத்தம் கருப்பையை நிறைத்து, டியூப் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் கசிந்து, எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயை உண்டாக்கிவிடும். அந்த நோய் பின்னாளில் கருத்தரிப்பைக் கெடுக்கும். இன்னொரு வகை இதைவிட ஏமாற்றக்கூடியது. இரட்டைக் கருப்பையில் ஒரு பக்கம் மட்டும் அடைபட்டு, அதே பக்கத்தில் சிறுநீரகமும் இல்லாமல் இருக்கும். மறுபக்கம் வழியாக மாதவிடாய் ஒழுங்காக வருவதால், "அதுதான் மாசா மாசம் வருதே, பிறகென்ன" என்று வலியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். குழந்தைப் பருவத்தில் ஏதோ ஒரு ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் இல்லை என்று தெரிந்த பெண் பிள்ளைக்கு, அவள் பூப்பெய்தும் காலத்தில் கருப்பையையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஒரு பழக்கம் நம் மருத்துவர்களிடம் வேரூன்றினால் பல ஆண்டு வலியைத் தவிர்க்கலாம். ஒற்றைக் கொம்புக் கருப்பையின் ஓரத்தில் வளர்ச்சி குன்றிய மறுகொம்பு ஒட்டிக்கொண்டு, அதன் உள்ளே இரத்தம் கசியும் சவ்வு இருந்தால் அதை லேப்ராஸ்கோபி மூலம் எடுத்துவிடுவதே முறை. அந்தச் சிறுகொம்பில் கரு தங்கினால் அது நடுமாதங்களில் வெடித்துத் தாயின் உயிரையே பறிக்கக்கூடும். இவற்றிலெல்லாம் கத்தி எதற்கு என்ற கேள்விக்கே இடமில்லை. அடைப்பு இருக்கிறது, அது கேடு செய்கிறது, நீக்கினால் கேடு நிற்கிறது; ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரிகிறது.

கருப்பையே இல்லாமல் பிறக்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் பெண் பிறப்பில் ஒன்று இப்படி அமைகிறது, எம்.ஆர்.கே.எச். என்று நான்கு மருத்துவர்களின் பெயரெழுத்தால் இதை அழைக்கிறார்கள். இவர்களுக்கு யோனியை உருவாக்கும் அறுவை சிகிச்சை தாம்பத்திய வாழ்வுக்கு உதவும், பிள்ளைப்பேற்றைத் தராது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் ஆபரேஷன் செய்து கல்யாணமும் முடித்து வைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் பெருந்துரோகம். கருப்பை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உலகின் முதல் குழந்தை ஸ்வீடனில் 2014 செப்டம்பரில் பிறந்தது. இந்தியாவில் புனே கேலக்சி கேர் மருத்துவமனையில் 2017 மே மாதம் நடந்த மாற்றுச் சிகிச்சையின் பயனாக 2018 அக்டோபரில் ஒரு பெண் தாயானார். இன்னும் மிகச் சிலருக்கே எட்டும் வழி அது. மற்றவர்களுக்கு வாடகைத்தாய் முறைதான். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதியை 2023 மார்ச்சில் திருத்தி, கருமுட்டையும் விந்தணுவும் அந்தத் தம்பதியுடையவையாகவே இருக்க வேண்டும் என்று நடுவண் அரசு கட்டுப்படுத்தியபோது, சினைப்பையும் இல்லாத ஒரு எம்.ஆர்.கே.எச். பெண்ணுக்குக் கதவு மூடியது. சென்னையைச் சேர்ந்த குழந்தையின்மை மருத்துவர் அருண் முத்துவேல் தொடுத்த வழக்கோடு சேர்த்து உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் மனுவைக் கேட்டு, 2023 அக்டோபரில் அவருக்கு அந்த விதி பொருந்தாது என்று நிறுத்திவைத்தது. 2024 பிப்ரவரியில் விதியே தளர்த்தப்பட்டது. கத்தியால் ஆகாத ஒன்றை ஆகாது என்று ஒத்துக்கொண்ட பிறகே சட்டத்தின் வழி அவர்களுக்குத் திறந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி நடுப்பொருளுக்கு வருவோம்: தடுப்புள்ள கருப்பை. கருப்பையின் அமைப்பை அறுத்துச் சீராக்கும் முயற்சி நூறாண்டுக்கு மேற்பட்டது. பெர்லினில் பவுல் ஸ்ட்ராஸ்மன் 1907இல் இரு கொம்புகளையும் பிளந்து ஒன்றாகத் தைக்கும் முறையை அறிவித்தார். தடுப்புக்கென அமெரிக்காவில் ஜோன்ஸ், டாம்ப்கின்ஸ் ஆகியோர் வேறு முறைகளை வகுத்தார்கள். இவை பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்கும் பெரிய ஆபரேஷன்கள். கருப்பையில் நீளமான தழும்பு விழும், மாதக்கணக்கில் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும், பிரசவம் சிசேரியனாகத்தான் முடியும். அதனால் யாருக்குச் செய்வது என்பதில் மருத்துவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். கர்ப்பம் திரும்பத் திரும்பக் கலைந்தவர்களுக்கு, வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின், கடைசி வழியாகச் செய்தார்கள். 1970களிலும் 80களிலும் ஹிஸ்டிரோஸ்கோபி வந்தது. யோனி வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, சலைன் நீரால் கருப்பையை விரித்து, நுண்ணிய கத்தரிக்கோலாலோ மின்கம்பியாலோ தடுப்பை வெட்டிவிடலாம். அரை மணி நேரம், அன்று மாலையே வீடு, வயிற்றில் தையலே இல்லை. கருவியில் இது பெரிய முன்னேற்றம். அதை உண்டாக்கியவர்கள் வணங்கத் தக்கவர்கள். ஆனால் ஆபரேஷன் எளிதானதும், அதைச் செய்வதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கூடின. முன்பு பலமுறை கலைந்தவர்களுக்கு மட்டும் செய்தது, ஒருமுறை கலைந்தவர்களுக்கு வந்தது; பிறகு கருவே தரிக்காதவர்களுக்கு; பிறகு ஐ.வி.எஃப். செய்யும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று முன்னெச்சரிக்கையாக. இப்படி எல்லை விரிந்த ஒவ்வொரு கட்டத்திலும் புதிய சான்று எதுவும் வந்து சேரவில்லை. எளிமை ஒன்றே சான்றின் இடத்தில் அமர்ந்துகொண்டது.

சான்றே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருவகைச் சான்று மலைபோல் இருந்தது. அதன் கோளாறு என்ன என்று சற்று நின்று பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்புக் கட்டுரை, ஹிஸ்டிரோஸ்கோபி மூலம் தடுப்பு வெட்டப்பட்ட பெண்களைப் பற்றிய பல அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆபரேஷனுக்கு முன் அவர்களுடைய கர்ப்பங்களில் 88 விழுக்காடு கலைந்திருந்தன. ஆபரேஷனுக்குப் பின் 14 விழுக்காடுதான் கலைந்தன. இதைப் பார்த்த எவருக்கும் வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆபரேஷன் மேசைக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்று யோசியுங்கள். கர்ப்பம் கலைந்தவர்கள்தான் வருகிறார்கள். தடுப்பு இருந்தும் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டவர் மருத்துவரைத் தேடி வருவதே இல்லை. ஆகவே "முன்பு" என்ற பட்டியல், தோல்விகளாகப் பொறுக்கிச் சேர்க்கப்பட்ட பட்டியல். 88 என்ற எண் தடுப்பின் கொடுமையைக் காட்டுவதைவிட, நோயாளிகளைச் சேர்த்த விதத்தையே அதிகம் காட்டுகிறது. "பின்பு" என்ற பட்டியலில் அந்தப் பொறுக்கல் இல்லை. அதனால் அது தானாகவே சீராகிவிடும். காரணம் புலப்படாமல் இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே அடுத்த கர்ப்பம் நிலைத்துவிடுகிறது என்பது மகப்பேறு மருத்துவம் நன்கறிந்த செய்தி. அந்த இயல்பான வெற்றியை, இடையில் நடந்த எதன் பெயரிலும் வரவு வைத்துவிடலாம்: ஆபரேஷன், மாத்திரை, பரிகாரம், எதுவானாலும். ஒப்பிடுவதற்கு, அதே தடுப்போடு ஆபரேஷன் செய்யாமல் விட்ட பெண்கள் வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த ஒப்பீட்டை முறையாக யாரும் செய்யவே இல்லை.

கடைசியில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் முன்னின்று அதைச் செய்தார்கள். டிரஸ்ட் என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் ஆகிய நாடுகளில் 2010 முதல் 2018 வரை பெண்களைச் சேர்த்தது. தடுப்புள்ள கருப்பையோடு, கருத்தரிக்கத் தாமதமானவர்கள், கரு கலைந்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள் என எண்பது பேர். யாருக்கு ஆபரேஷன், யாருக்குக் காத்திருப்பு என்பதை மருத்துவரும் முடிவு செய்யவில்லை, பெண்ணும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2021இல் வெளியான முடிவு இது: ஓராண்டுக்குள் கருத்தரித்து உயிருள்ள குழந்தை பெற்றவர்கள், ஆபரேஷன் பக்கத்தில் கணக்கில் வந்த 39 பேரில் 12 பேர், செய்யாமல் காத்திருந்த 40 பேரில் 14 பேர். கரு கலைந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 11 பேர், காத்திருந்த பக்கம் 5 பேர். ஒருவருக்கு ஆபரேஷனின்போது கருப்பையில் துளை விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இதே ஆய்வாளர் குழு பழைய மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 257 பெண்களை ஒப்பிட்டிருந்தது. அங்கும் ஆபரேஷன் செய்தவர்களில் 53 விழுக்காட்டினரும், செய்யாதவர்களில் 72 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றிருந்தார்கள். இந்த எண்களைக் கொண்டு ஆபரேஷன் கேடு செய்கிறது என்று நான் முடிவு கட்ட மாட்டேன். வேறுபாடுகள் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் 88இலிருந்து 14க்கு இறங்கும் அற்புதம் உண்மையாக இருந்திருந்தால், எண்பது பேரே போதும், அது பளிச்சென்று தெரிந்திருக்கும். தெரியவில்லை.

முதல் மறுப்பு நியாயமானது: எண்பது பேர் போதுமா? போதாது. சிறிதளவு நன்மை ஒளிந்திருக்க இடமுண்டு. சிறிதளவு தீமைக்கும் அதே அளவு இடமுண்டு. பின்னர் வந்த தொகுப்புகளில் சில, ஆபரேஷனுக்குப் பின் கருக்கலைவு குறைகிறது என்று கண்டிருக்கின்றன. உயிருள்ள பிறப்பு கூடியது என்று அவற்றாலும் காட்ட முடியவில்லை. அந்தக் கணக்கில் பெரும்பகுதி குலுக்கல் இல்லாத பழைய அறிக்கைகளிலிருந்து வருவதால், நான் முன்பு சொன்ன கோளாறு அங்கும் புகுந்திருக்கிறது. இப்படித் தெளிவில்லாத நிலையில் நிரூபிக்கும் சுமை யார் மேல் விழ வேண்டும்? மயக்க மருந்து கொடுத்து, ஒரு பெண்ணின் கருப்பைக்குள் கத்தரிக்கோலைச் செலுத்துகிறவர் மேல்தான். "பயனில்லை என்று நிரூபியுங்கள், பிறகு நிறுத்துகிறோம்" என்று மருத்துவம் சொல்லலாகாது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு டிரஸ்ட் முடிவு வருவதற்கு முன்பே, 2015இல், மீண்டும் மீண்டும் கலைபவர்களுக்கு ஒரு வழிகாட்டுதலும், கருவே தரிக்காதவர்களுக்குத் தனியாக இன்னொன்றும் வெளியிட்டு, பின்னவர்களுக்குப் போதிய சான்றில்லை என்றது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் சான்றின் வரம்புகளை எடுத்துச் சொல்லி, பெண்ணோடு கலந்து முடிவெடுக்கச் சொல்கிறது. ஆக, இந்த இரண்டு வகைப் பெண்களையும் ஒரே தராசில் வைப்பது இனி கூடாது.

தடுப்பில் கரு ஒட்டினால் இரத்த ஓட்டம் கிடைக்காது, அதனால்தான் கலைகிறது; இது வெளிப்படையான உண்மையாயிற்றே, இதற்கு ஆய்வு எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1995இல் ஈரானிய மருத்துவர்கள் தடுப்புத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது இரத்த ஓட்டம் குன்றிய வெறும் நாராக இல்லாமல் தசை நிறைந்திருப்பதைக் கண்டார்கள். தடுப்பு இருப்பவர்களுக்குக் கருக்கலைவும் குறைப்பிரசவமும் கூடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தொடர்பு பல ஆய்வுகளில் வருகிறது. தொடர்பு இருப்பதால் வெட்டினால் சரியாகிவிடும் என்ற அடுத்த எட்டைத்தான் மறுக்கிறேன். குழாய்கள் ஒட்டி உருவான காலத்திலேயே கருப்பையின் தசையமைப்பு மொத்தமும் மாறியிருந்தால், நடுவில் ஒரு துண்டை வெட்டுவதால் மட்டும் அது திரும்பாது.

"நஷ்டம் என்ன இருக்கிறது, சின்ன ஆபரேஷன்தானே" என்பது மூன்றாவது மறுப்பு. குடும்பங்கள் மயங்குவதும் இங்கேதான். நஷ்டம் உண்டு. கருப்பைச் சுவர் துளைபடலாம். விரிக்கச் செலுத்தும் நீர் மிகுதியாக இரத்தத்தில் கலந்து உப்புச் சமநிலையைக் கெடுக்கலாம். வெட்டிய பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்தையும் சுருக்கிவிடலாம். குழந்தைக்காகச் செய்த ஆபரேஷனே குழந்தையின்மைக்குக் காரணமாகும் கொடுமை அது. பின்னர் வரும் கர்ப்பத்தில், அரிதாக, கருப்பை கிழிந்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இவை எல்லாம் சிறு விழுக்காடுகள்தாம். ஆனால் நன்மை நிச்சயமில்லாத இடத்தில் சிறு தீமைக்கும் கனம் கூடும். இதோடு பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின்மைச் சிகிச்சையைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. நகை அடகுக்குப் போகிறது. முப்பத்தைந்தைத் தொட்ட பெண்ணுக்கு, ஆபரேஷன், ஆறும் காலம், மறு ஸ்கேன் என்று கழியும் மாதங்களும் செலவுதான். வயது ஏற ஏற முட்டை குறைவது தடுப்பைவிட உறுதியாக நிறுவப்பட்ட காரணம். கணவனின் விந்துப் பரிசோதனையே செய்யாமல் மனைவியின் கருப்பையில் தடுப்பைத் தேடும் வழக்கத்தை, இந்த மேடையிலிருந்து கண்டிக்கவே செய்கிறேன்.

நான்கு முறை கலைந்து, வேறு எந்தக் காரணமும் கிடைக்காமல், ஆழமான தடுப்போடு நிற்கும் பெண்ணிடம் "காத்திருங்கள்" என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா என்று கேட்பார்கள். அவளிடம் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன எண்களை அவள் முன் வைத்து, உதவலாம், உதவாமலும் போகலாம் என்று சொல்லி, அவள் விரும்பினால் கைதேர்ந்தவரிடம் செய்துகொள்ளட்டும் என்பேன். அது அவளுடைய உரிமை. என் வாதம் அவளைப் பற்றியது இல்லை. ஒருமுறைகூடக் கருத்தரித்துப் பார்க்காத, ஒருமுறைகூடக் கலையாத பெண்ணுக்கு, ஸ்கேனில் தெரிந்த ஒரே காரணத்துக்காக வெட்டுவதைப் பற்றியது.

அந்த ஸ்கேனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எது தடுப்பு என்பதிலேயே உலக அமைப்புகள் உடன்படவில்லை. ஐரோப்பியச் சங்கங்கள் 2013இல், உள்நோக்கிய மேடு கருப்பைச் சுவரின் தடிமனில் பாதியைத் தாண்டினாலே தடுப்பு என்றன. அமெரிக்கச் சங்கம் 2016இல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழமும் தொண்ணூறு டிகிரிக்குக் குறைந்த கோணமும் வேண்டும் என்றது; 2021இல் ஆழத்தை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தது. போலந்தில் 261 பெண்களை ஐரோப்பிய அளவுகோலாலும் அமெரிக்கச் சங்கத்தின் பழைய அளவுகோலாலும் அளந்து பார்த்தபோது, ஐரோப்பிய அளவுகோல் ஏறக்குறைய மும்மடங்கு பேரைத் தடுப்புள்ளவர்களாக்கியது. பெண் அவளே, கருப்பையும் அதுவே. மயிலாப்பூரில் ஸ்கேன் எடுத்தால் இயல்பு, அடையாற்றில் எடுத்தால் நோய் என்றாகக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இரு கொம்புக் கருப்பையைத் தடுப்பென்று தவறாக நினைப்பது. டியூப் டெஸ்ட் என்று சொல்லும் எக்ஸ்ரே உட்புறத்தை மட்டுமே காட்டும். இரண்டுமே அதில் ஒன்றுபோலத் தெரியும். கருப்பையின் வெளி விளிம்பு சமமாக இருக்கிறதா, நடுவில் பள்ளமாக இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்தால்தான் பிரிக்க முடியும். பள்ளமான கருப்பையில் தடுப்பென்று எண்ணி வெட்டினால் கத்தரிக்கோல் வயிற்றுக்குள் போய் நிற்கும். டியூப் டெஸ்ட் படத்தை மட்டும் வைத்து யாராவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இரு கொம்பு, இரட்டை, ஒற்றைக் கொம்புக் கருப்பைகளைப் பொறுத்தவரை, வடிவத்தைத் திருத்தும் ஆபரேஷன் இன்று பெரும்பாலும் வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் கருப்பை வாயின் நீளத்தைக் கவனித்து, குறைப்பிரசவத்துக்கு ஆயத்தமாக, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு உண்மையில் உதவுவது.

இங்கே கூடியிருக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு நாடுகள் சேர்ந்து எட்டு ஆண்டுகளில் எண்பது பெண்களைத்தான் சேர்க்க முடிந்தது. நம் சென்னையில் 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்த அளவுக்கு நோயாளிகள் வந்து போகும் நகரம் உலகில் அதிகம் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே அளவுகோலில் அளந்து, ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்கி, ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பிரசவம் வரை பின்தொடர்ந்தால், பிறகு குலுக்கல் முறை ஆய்வுக்கும் இறங்கினால், உலகம் காத்திருக்கும் விடையைத் தமிழ்நாட்டால் தர முடியும். அந்த விடை வரும்வரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் 39 பேரில் 12, 40 பேரில் 14 என்ற இரண்டு எண்களையும் அந்தப் பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். தாய்மார்களே, உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ இந்த ஆபரேஷனைப் பரிந்துரைத்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்தாயிற்றா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று தயங்காமல் கேளுங்கள். பதினான்கு பதினைந்து வயதுப் பெண் பிள்ளை மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள்.